காட்டுக்குள் முன்னால் நடக்கிறவளுக்கு

கூப்பிட முன்னமே “என்னடி” என்று கேட்கிற என் அக்காவுக்கு,

ஒவ்வொரு வருஷமும் உன் நினைவு நாளுக்கு உன் படத்தையும் இரண்டு வரிச் செபத்தையும் எங்கள் தமிழ்ப் பூசை மடலில் போடுவேன். படம் அதேதான், வரியும் அதேதான். பார்க்கிறவர்கள் ஒரு சிலுவை போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். இந்த முறை கடிதமாக எழுதுகிறேன். உன்னோடு தனியே கதைக்க வேண்டிய விஷயம்தான். ஆனாலும் நாலு பேர் பார்க்க எழுதினால் நானும் பின்வாங்கமாட்டேன், நீயும் கேட்காததுபோல இருக்கமாட்டாய் என்று நினைத்தேன். வாசிக்கிறவர்கள் உன் பிள்ளைக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்லட்டும்.

ஸ்டெல்லாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்கோ சின்னம்மா. ஆனா என்னைப் பாவம் பிள்ளை எண்டு மட்டும் எழுதிப்போடாதைங்கோ,” என்றாள். எழுதவில்லை.

உன் பிள்ளை இப்போது இராணுவ அதிகாரிகளைப் பயிற்றுகிற கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி தூரமில்லை, பஸ்சில் போய் வரலாம். ஆனாலும் அங்கேயே தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் ஊத்தை உடுப்பு மூட்டையோடு வருவாள், மெசினில் போடுவாள், புட்டும் மீன்குழம்பும் சாப்பிடுவாள், போவாள்.

முதல் நாள் சீருடையோடு கதவடியில் நின்றபோது என் கை கதவுப் பிடியிலேயே இருந்துவிட்டது. அந்த நிறத்தைக் கண்டும் அந்தச் சப்பாத்துச் சத்தத்தைக் கேட்டும் ஊரில் நீயும் நானும் எந்தெந்தக் கட்டிலுக்குக் கீழே கிடந்தோம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அவள் குனிந்து சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, “பசிக்குது சின்னம்மா,” என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் ஒரு அன்ரி கேட்டா, “உங்கடை பெறாமகள் ஆமியாமே?” என்று. “ஓம், ஆமிதான். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வீட்டுக்குள்ளை வாற ஆமி,” என்றேன். அவ சிரிக்கவில்லை. நீ சிரித்திருப்பாய்.

கல்லூரிக்கு ஒரு ஓரியென்டரிங் அணி உண்டு. அதில் அவள் ஓடுகிறாள். அது உன் காலத்தில் எங்களுக்குத் தெரியாத விளையாட்டு. கையில் வரைபடமும் திசைகாட்டியும் இருக்கும். காட்டுக்குள் செம்மஞ்சளும் வெள்ளையுமாகத் துணிக் கூடுகள் தொங்கும். ஒழுங்குப்படி ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து ஓடி முடிக்க வேண்டும். பாதையில் ஓடுகிறதில்லை; பாறை, சதுப்பு, விழுந்த மரம் எல்லாவற்றுக்கும் மேலால். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எல்லிங்ஸ்ருட்டுக்குப் பின்னால் இருக்கிற காட்டில் ஓடிப் பழகினவள்.

அவள் விட்டுப்போன பழைய வரைபடங்களைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நானாகவே வாசிக்கப் பழகினேன். இந்த நாட்டு மொழியை விளம்பரத் தாள்களில் பழகினதுபோலத்தான். மண்ணிறக் கோடு ஏற்றம். நீலம் தண்ணீர். பச்சை, உள்ளே போகமுடியாத பற்றை. ஓடக்கூடிய காட்டுக்கு நிறமே இல்லை, வெள்ளை. அதுதான் எனக்கு முதலில் பிடிபடவில்லை. எங்கே மரங்கள் நிற்கின்றனவோ அங்கே கடதாசி வெறுமையாகக் கிடக்கும்.

கல்லூரி ஓடுவதற்கு மட்டும் இல்லையே. வீட்டுச் செலவு எழுதுகிற மாதிரி அவளுடைய ஒரு கிழமையை எழுதிப் பார்த்தேன். வகுப்பு, வாசிப்பு, கட்டுரை, அணிப் பயிற்சி, காவல் முறை, ஆயுதம் துடைக்கிறது, தன் குழுவை நடத்துகிற பொறுப்பு, இடையிடையே கூடாரத்தோடு காட்டில் சில நாள். எப்படிக் கூட்டினாலும் நித்திரைக்கு மிச்சம் வரவில்லை. மற்றப் பிள்ளைகள் ஏதோ ஒரு பக்கத்தில் வெட்டிச் சமாளிக்கிறார்கள். சிலர் அணியை விடுகிறார்கள். சிலர் பாடத்தில் குறைந்த புள்ளியோடு திருப்திப்படுகிறார்கள். இவள் நித்திரையை வெட்டினாள்.

“கொஞ்சம் படன் பிள்ளை,” என்றால், “நித்திரை கொள்ளுறதுக்கு ஆரும் மார்க் குடுக்கிறேல்லை சின்னம்மா,” என்பாள். என் மனுசன் பஸ் ஓட்டிவிட்டு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, “கொட்டாவிக்கு ஒரு மெடல் குடுத்தினமெண்டால் எங்கடை வீட்டுச் சுவரிலை இடம் காணாது,” என்று பகிடி விடுவார்.

கோடைக்கு முந்தின சோதனையில் போர்ச் சட்டப் பாடத்தில் தவறிவிட்டாள். தெரியாமல் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனையோடு நித்திரையாகிவிட்டாள். இலையுதிர் காலத்தில் திரும்ப எழுத வேண்டும், அதிலும் தவறினால் கல்லூரியில் இடமில்லை. அவளுக்குப் பொறுப்பான கப்டன் ஒரு பெண், நல்ல மனுசி. கூப்பிட்டுத் தன்மையாகச் சொன்னாவாம்: நீ எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது, சோதனை முடியும்வரை அணியை விடு, வசந்தத்தில் திரும்பி வரலாம் என்று. ஸ்டெல்லா மாட்டேன் என்றுவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை நான் அவளோடு வாய்க்குவாய் கதைத்தேன். அடுப்படியில் நின்றுதான். “ஓட்டத்திலை என்னடி கிடக்கு? உன்ரை இடம் போகப்போகுது. எவ்வளவு பாடுபட்டு எடுத்த இடம்?”

அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றாள். தண்ணீரைப் பூட்டினாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

“அங்கை அம்மா வாறவ.”

எனக்கு விளங்கவில்லை. கனவில் வருகிறதைச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்தேன். “காட்டிலை சின்னம்மா. போட்டி நாளுகளிலை மட்டும். ட்ரெயினிங்கிலை வாறேல்லை. எனக்கு முன்னுக்கு மரங்களுக்குள்ளாலை போவா. பச்சை ஜக்கெட். கையிலை கடைப் பை ஒண்டு.”

“ஆரையும் கண்டிருப்பாய். காளான் பிடுங்க வாற சனம் எத்தினை பேர்.”

“அவ ஓடுறேல்லை, நடக்கிறா. நான்தான் ஓடுறன். எண்டாலும் எட்டிப் பிடிக்கேலாமல் கிடக்கு.”

அக்கா, அவள் இதைச் சொன்ன விதத்தை நீ கேட்டிருக்க வேண்டும். பயமே இல்லை. பஸ் பிந்தி வருகிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். நீ அவளைப் பாலர் பள்ளிக்குக் கூட்டிப்போகையில் புதுப் பனியில் முன்னால் நடப்பாயாம், உன் சப்பாத்துக் குழிக்குள் கால் வைத்து வரச் சொல்லுவாயாம். அவளுக்கு உன்னைப் பற்றி மிஞ்சியிருக்கிற ஒரே ஞாபகம் உன் முதுகு. “படத்திலை இருக்கிறது முகமில்லை சின்னம்மா, அது படம். எனக்கு முகம் வேணும். ஒருக்கா முந்தினால் காணும்,” என்றாள்.

பிறகு, துணியால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “அம்மான்ரை ஜக்கெட் தொப்பியிலை பின்னுக்கு ஒரு ஊக்கு குத்தியிருந்ததோ?”

அந்த ஊக்கை நான்தான் குத்தினேன். ஆசுப்பத்திரியில் நீ கடைசியாக முற்றத்துக் காற்று வாங்க வெளியே போனபோது, தொப்பி கழன்று விழுகிறது என்று. பிள்ளை அங்கே வரவேயில்லை. நீ வரவிடவில்லை. மருந்து உன் முகத்தை வீங்கப்பண்ணிவிட்டது. “இந்த முகத்தைப் பிள்ளைக்குக் காட்டாதை,” என்று என் கையைப் பிடித்துச் சொன்னாய். பெட்டியையும் மூடித்தான் வைக்கச் சொன்னாய். எங்கள் சனம் முகம் பார்க்காமல் ஒருவரை அனுப்புமா? எத்தனை பேர் என்னைப் பேசினார்கள். முகம் பார்க்கவேண்டும் என்று மண்டபத்தில் அழுதவர்களுக்கு நடுவில் நான் பெட்டியில் கை வைத்துக்கொண்டு நின்றேன், உன் சொல்லுக்காக. ஜக்கெட்டைப் பழைய உடுப்புச் சேகரிக்கிற பெட்டிக்குள் போட்டேன், ஊக்கோடுதான்.

அப்போ அவள் யாரைக் காண்கிறாள்?

செத்தெம்பரில் எல்லிங்ஸ்ருட் பக்கத்துக் காட்டில் ஒரு போட்டி நடந்தது. இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். காலை பத்து மணிக்கும் பனிப்புகார் விலகவில்லை. மரங்களின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. ஓடுகிறவர்கள் ஒவ்வொருவராக வெள்ளைக்குள் போனார்கள். அவர்கள் முதுகில் ஒரு சின்னக் கருவி இருக்கும். வெளியே ஒரு திரையில் வரைபடம், அதில் ஆளுக்கொரு நிறப் புள்ளி நகரும். பயிற்றுவிக்கிற இங்கர் என்ற பெண் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றா. ஸ்டெல்லாவின் புள்ளி சிவப்பு.

“பாருங்கள்,” என்றா இங்கர். “இங்கே நல்ல வழி கிடக்கிறது, அவள் எடுக்கவில்லை. இந்த இடத்தில் காரணமில்லாமல் வேகம். இங்கே காரணமில்லாமல் நிற்கிறாள். மூன்று போட்டியாக இப்படித்தான். இது வழி தெரியாதவளின் ஓட்டமில்லை. தனக்கு முன்னால் ஓடுகிற ஒருவரைப் பின்தொடர்கிறவர்கள் இப்படி ஓடுவார்கள். ஆனால் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.”

நான் திரைக்குக் கிட்டப் போனேன்.

சிவப்புப் புள்ளி கோட்டை விட்டு விலகியது. வெள்ளைக்குள்ளால் போனது. அதற்கப்பால் நீலம். எனக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் நல்லது என்று அப்போதுதான் முதல்முறை நினைத்தேன். புள்ளி நீலத்தின் ஓரத்துக்கு வந்தது. நின்றது. பிறகு நீலத்துக்குள் போனது. இங்கர் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு ரேடியோவை எடுத்தா. நான் செபமாலையை எடுக்கப் போய், கோட்டுப் பொக்கற்றில் விரல் மாட்டிக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. புள்ளி திரும்பி வெள்ளைக்கு வந்தது.

அவள் புகாருக்குள்ளிருந்து வெளியே வந்தபோது இடுப்புவரை ஈரம். உதடு நீலம். நான் போர்வையைச் சுற்றினேன். அவள் என் காதுக்குக் கிட்ட வந்து, சிரித்த முகமாகச் சொன்னாள்: “இண்டைக்கு நிண்டவ சின்னம்மா. தண்ணிக்கு அங்காலை, எனக்காக நிண்டவ. இன்னும் கொஞ்சம் எட்டியிருந்தால் முகம் தெரிஞ்சிருக்கும்.”

காரில் வரும்போது அவள் பின் இருக்கையில் கிடந்தாள். “ஏன் முன்னுக்கே போறா எண்டு தெரியேல்லை,” என்று முணுமுணுத்தாள். “பக்கத்திலை வரலாம்தானே. எப்பவும் முன்னுக்கு, முன்னுக்கு.”

அந்தச் சொல்லில்தான் எனக்குப் பிடிபட்டது, அக்கா.

எங்கள் அம்மா எங்களை வெளியே அனுப்பும்போது நெற்றியில் சிலுவை போட்டு என்ன சொல்லுவா? “சம்மனசு முன்னாலை, மாதா பின்னாலை.” நானும் அப்படியே சொல்லி வந்தவள்தான். ஸ்டெல்லா கல்லூரி அணிக்கு ஓடத் தொடங்கினபோது, காட்டுக்குள் சம்மனசு என்கிற ஆளறியாத தேவதூதனைவிடப் பெற்ற தாய் நல்லது என்று எனக்குத் தோன்றியது. போட்டி நாளில் அவள் கல்லூரியில் இருப்பாள். அவள் நெற்றி கையெட்டில் இல்லாதபடியால் உன் படத்துக் கண்ணாடியில் பெருவிரலால் சிலுவை போட்டு, “அக்கா முன்னாலை, மாதா பின்னாலை,” என்பேன். போட்டி நாளில் மட்டும். வாய்க்குள்தான். இவருக்கே கேட்காது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். பகிடி பண்ணுவார் என்று தெரிந்தே சொன்னேன். மனுசன் தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “உன்ரை கொக்கா உயிரோடை இருக்கேக்கையே ஒரு இடத்திலை இருக்கமாட்டா. செத்தாப் பிறகாவது இருக்க விட்டியோ? காடு காடா ஓட விட்டிருக்கிறாய்,” என்றார். பிறகு பகிடியில்லாமல், “அவவை நிப்பாட்டு,” என்றார்.

ஒக்தோபரில் முப்படைக் கல்லூரிகளுக்கும் இடையில் போட்டி. அதே கிழமையில் சட்டச் சோதனை. அணியை விடச் சொல்லி நான் ஸ்டெல்லாவோடு மல்லுக்கட்டவில்லை. அன்று காலையில் உன் படத்துக்கு முன்னால் நின்று பழைய சொல்லைச் சொல்லவில்லை. “நீ போகவேண்டாம். நீ இரு. இளைப்பாறு,” என்றேன். நீ கேட்டாய். அது உனக்குத் தெரியும்.

அன்றும் புகார்தான். திரையில் சிவப்புப் புள்ளி நூல் பிடித்ததுபோல ஓடியது. வளையவில்லை, நிற்கவில்லை. இங்கர் என் தோளைத் தட்டினா. “இன்றைக்குத்தான் அவள் தனியாக ஓடுகிறாள்,” என்றா, சந்தோஷமாக. கல்லூரி அணிக்கு அவளால் நல்ல இடம் கிடைத்தது. கூட ஓடின பிள்ளைகள் அவளைத் தூக்கிச் சுற்றினார்கள். அவள் அவர்களிடமிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தாள்.

“அம்மா வரேல்லை.”

நான் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தேன்.

“என்ன செய்தனீங்கள் சின்னம்மா?”

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடியில் போட்ட சிலுவை முதலாக. “வரவேண்டாமெண்டு கேட்டனான் பிள்ளை. உன்னைத் தண்ணிக்குள்ளை கொண்டுபோனவ.”

“நான்தான் போனனான். அவ கொண்டுபோகேல்லை.” அவள் குரல் உயரவில்லை. “உங்களுக்கு அவவின்ரை முகம் தெரியும். நீங்கள் பாத்து முடிச்சிட்டியள். நான்?”

ஊற்றின தேத்தண்ணியை நீட்டினேன், அவள் வாங்கவில்லை.

அடுத்த நாள் அணியை விட்டுவிட்டாள். “இனி ஏன் ஓடவேணும்,” என்று ஒரு வரி எனக்கு அனுப்பினாள், அவ்வளவுதான். சோதனை எழுதினாள், நல்ல புள்ளியோடு சித்தியடைந்தாள். கல்லூரியில் இடம் உறுதியாகிவிட்டது. கப்டனும் பாராட்டினாவாம். நான் மெழுகுதிரி கொளுத்திக் கேட்டது அத்தனையும் கிடைத்தது. பிள்ளை மட்டும் வீட்டுக்கு வரவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமையாகப் புட்டு ஆறிப்போனது. அணி போனபிறகாவது நித்திரை கொள்கிறாளா என்று கேட்டு எழுதினால், இல்லை என்று பதில் வரும்.

அந்தக் கிழமைகளில் வீட்டில் ஒன்று நடந்தது. பின்னேரம் மூன்றரைக்கே இருட்டி வரும்போது, படியில் யாரோ ஏறி வருகிற சத்தம். சப்பாத்துச் சத்தமில்லை, கடைப் பை உரசுகிற சத்தம், உள்ளே போத்தலும் தகரமும் முட்டுகிற மாதிரி. எங்கள் கதவுக்கு முன்னால் நிற்கும். திறப்பைப் பூட்டில் போடுகிற சத்தம் வராது. மணியும் அடிக்காது. முதல் தடவை கதவைத் திறந்து பார்த்தேன். நடைபாதை விளக்கு மட்டும், ஆள் வந்தால் எரிகிற விளக்கு, எரிந்துகொண்டிருந்தது. பிறகு நான் திறக்கவில்லை. காட்டுக்குப் போகாதே என்றதால் நீ வீட்டுக்கு வந்தாயா? அல்லது மேல் மாடிக்காரரின் சாமானா? நான் கேட்கவில்லை. கேட்டால் இரண்டில் ஒரு பதிலைத் தாங்க வேண்டி வரும்.

நேற்றுச் சனிக்கிழமை. சொல்லாமல் வந்தாள். கறுத்துப்போய்ச் சின்னதாக இருந்தாள், முதுகில் மலைபோல ஒரு பை. கம்பளிக் காலுறை எடுக்க வந்தாளாம். திங்கட்கிழமை வடக்கே பயிற்சிக்குப் போகிறார்கள். ஒரு கிழமைக்கு நித்திரையும் சாப்பாடும் இல்லாததுபோலத்தான் வைத்திருப்பார்களாம். அதில் தலைமை தாங்கப் பழகவேண்டுமாம்.

இவர் சூழலை இலேசாக்கப் பார்த்தார். “அப்ப நித்திரையில்லாமல் இருக்க நீ ஏற்கெனவே பயிற்சி எடுத்திட்டாய்.”

அவள் கொஞ்சம் சிரித்தாள். மேல் வகுப்புப் பிள்ளைகள் சொன்ன கதை ஒன்றைச் சொன்னாள். மூன்றாம் நாளுக்குப் பிறகு எல்லாருக்கும் இல்லாதது ஏதாவது கண்ணுக்குத் தெரியுமாம். ஒருத்தன் பனிக்கு நடுவில் ஹம்பேகர்க் கடையைக் கண்டு, வரிசையில் நின்று, பின்னால் நின்ற மரத்துக்கு இடமும் விட்டானாம். இவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வேலைக்குப் போனார்.

நாங்கள் இருவரும் மேசையில் இருந்தோம். நான் மீனை முள் எடுத்து அவள் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தேன், சின்னப் பிள்ளைக்கு வைக்கிறதுபோல. அவள் தடுக்கவில்லை.

“எனக்கு அங்கை ஆர் தெரிவினம் எண்டு தெரியும்,” என்றாள். “அங்கை உங்கடை செபம் ஒண்டும் எடுபடாது.”

“தெரியும்.”

“ஒண்டு கேக்கட்டே?” விரலால் மேசையில் ஒரு கோடு இழுத்தாள். “அவ திரும்பினால், அது அம்மாதான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? முதுகு மட்டும்தானே தெரியும் எனக்கு. வேறை ஆராவது எண்டால்?”

அக்கா, இத்தனை நாளும் அவள் பயப்படவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளங்கை வேர்த்து, மேசையில் ஈர அடையாளம் இருந்தது. முந்திப்போய்ப் பார்க்கத்தான் ஓடினாள். பார்த்தால் அடையாளம் தெரியாதோ என்றுதான் நித்திரையை விட்டாள்.

காட்டாதே என்றுதான் நீ சொன்னாய். சொல்லாதே என்று சொல்லவில்லை. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், கோபிக்காதே. அவளைச் சோபாவில் சாய்த்துப் போர்வை போட்டுவிட்டுத் தொடங்கினேன். நெற்றியில் தொடங்கினேன். இடது புருவத்தில் மயிர் முளைக்காத கோடு, வாளி விழுந்து வெட்டினது. மூக்குத்தி போடாத மூக்குத்தி ஓட்டை. பொய் சொல்லும்போது கீழ் உதட்டை உள்ளே இழுக்கிறது. தையல் எண்ணும்போது நாக்கு நுனி வெளியே வருகிறது. சிரிப்பு வருமுன் வலது கன்னம் மட்டும் ஒரு தடவை துடிக்கிறது.

“எந்தப் பக்கம்?” என்றாள், கண்ணை மூடிக்கொண்டு.

“வலப் பக்கம்.”

“எனக்கும் அப்பிடியோ?”

“உனக்கு இடப் பக்கம்.”

அதோடு நித்திரையாகிவிட்டாள். ஆனால் போர்வைக்குக் கீழே கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. நித்திரையில் துடிக்கிற மாதிரி இல்லை. ஒழுங்கான ஓட்டம், ஏற்றத்தில் மெதுவாக, இறக்கத்தில் கெதியாக. மூச்சும் அப்படியே. நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் பல், உன் நாடி, வெயிலில் நீ கண்ணைச் சுருக்குகிற விதம்.

அப்போது எனக்குப் பின்னால் பை ஒன்றை நிலத்தில் வைக்கிற சத்தம் கேட்டது. போத்தல் ஒன்று தகரத்தில் முட்டி அடங்கியது. ஈர ஜக்கெட்டின் மணம். வெளியே பனி பெய்யவில்லை.

நான் திரும்பவில்லை. உன் முகத்தை நான் பார்த்து முடித்தவள், அவள் சொன்னது சரி. எனக்கு எதிரே இருந்தவள்தான் பார்க்க வேண்டியவள். அவள் கண் மூடித்தான் இருந்தது. வலது கன்னமில்லை, இடது கன்னம், ஒரு தடவை துடித்தது. கால்கள் மெதுவாகின. நடந்தன. நின்றன.

பின்னேரம் முழுக்கப் படுத்தாள். எழும்பி, தலைமயிரைக் கட்டிக்கொண்டு, பசிக்குது என்றாள். கனவு கண்டாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. போகும்போது என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கடையில் துணி பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். நெற்றியில் சிலுவை போட்டேன். யாரையும் முன்னால் அனுப்பவில்லை. “போய்ட்டு வா,” என்று மட்டும் சொன்னேன்.

அக்கா, நாளைக்கு அவள் போகிறாள். மூன்றாம் நாளில் அங்கே நீ தெரிவாயோ மாட்டாயோ, அது உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம். போ என்றும் சொல்லமாட்டேன், போகாதே என்றும் சொல்லமாட்டேன். இனி உன்னை எந்த வேலைக்கும் ஏவமாட்டேன்.

அவள் திரும்பி வருகிற சனிக்கிழமை மிச்சத்தைச் சொல்லுவேன். நீ மறைக்கச் சொன்னதையும் சொல்லுவேன், மருந்து வீங்கப்பண்ணின கன்னத்தையும் கண் மடலையும். அதுவும் அவளுடைய தாயின் முகம்தான். அதையும் அறிந்தவளாக அவள் இருக்கட்டும். எந்த மரத்துக்குப் பின்னால் எந்த முகம் திரும்பினாலும், இது என் அம்மா, இது அம்மா இல்லை என்று அவளே சொல்லுவாள். அதற்கு வேண்டியதெல்லாம் கொடுத்து முடிக்கும்வரை நான் வாய் மூடமாட்டேன். இது சத்தியம்.

நீ போன வயதைத் தாண்டி இப்போது உனக்கே மூத்தவளாகிவிட்ட,
உன் தங்கச்சி
பற்றிமா